பின்திரைக்கு முதலில் வேண்டியது காற்று

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், கோட்டக்குப்பத்தை அடுத்துச் சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. கிழக்கே கடல். மேற்கே ஆரோவில் மேட்டுநிலத்தின் செம்மண். இன்னும் 30 கி.மீ. அளவில் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்களும் கழுவெளி உவர்நீர் ஏரியும். மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, கண்ணை நிறுத்தும் உயரம் எதுவும் இல்லை. இந்தக் கரையை மேசையளவில் ஒரு மாதிரி ரயில் தளமாகக் கட்ட நினைப்பவருக்குத் தண்டவாளமும் நிலையமும் அவ்வளவு சிக்கல் தருவதில்லை. தளத்துக்குப் பின்னால் நிற்கும் பின்திரையில் எதைத் தீட்டுவது என்பதில்தான் அவர் தடுமாறுகிறார். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஃபாலர் போன்ற ஜெர்மன் நிறுவனங்களின் அச்சுத் திரைகள்: ஊசியிலைக் காடு, பனி படர்ந்த சிகரம், ஆழ்ந்த நீல வானம். அவற்றை ஒதுக்கிவிட்டு நம் கரையையே தீட்டத் துணிபவரும், பனைமரம், படகு, உப்புக் குவியல் என்று பொருள்களின் பட்டியலோடுதான் தொடங்குகிறார். அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். பின்திரையில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது காற்றை. அதாவது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் காற்று தொலைவை எவ்வளவு மங்கச் செய்கிறது என்பதை. பொருள்கள் அதற்குப் பிறகு வரட்டும். ஒளியியலும் நம் கண்ணின் இயல்பும் சொல்வது இதைத்தான்.

இந்தக் கரையில் ரயிலே ஓடவில்லையே என்ற கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடலாம். 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரிக் கிளைப் பாதை தெற்கே முடிந்துவிடுகிறது. சென்னை–விழுப்புரம் முதன்மைப் பாதை திண்டிவனம் வழியாக உள்நாட்டில் போகிறது. மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகச் சென்னையையும் கடலூரையும் இணைக்க வேண்டிய கரையோரப் பாதை இன்னும் திட்டமாகவே இருக்கிறது. ஆனால் உப்பளத்தை ஒட்டி ஓடும் ரயில் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி போகும் பழைய மீட்டர் கேஜ் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரலில் மீண்டும் திறக்கப்பட்டது. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த மண் அது. ஆகவே மரக்காணம் கரையில் ஒரு கிளைப் பாதையைக் கற்பனை செய்வதில் பொய்மை எதுவும் இல்லை. ஒரு திட்ட வரைபடத்துக்குச் சிறிய அளவில் உயிர் கொடுக்கும் முயற்சி அது.

இனி கண்ணுக்கு வருவோம். இரு கண்களுக்கும் இடையில் 6 செ.மீ.க்குச் சற்று அதிகமான இடைவெளி உண்டு. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட படத்தைக் காண்கிறது. அந்த வேறுபாட்டிலிருந்து மூளை ஆழத்தை அளக்கிறது. இந்த அளவீட்டின் நுட்பம் தொலைவின் இருபடிக்கு ஏற்பக் குறைகிறது. நல்ல பார்வை உள்ளவர் ஒரு மீட்டர் தொலைவில் ஒன்றிரண்டு மி.மீ. முன்பின் இருப்பதைக்கூடக் கண்டுபிடிப்பார். 20 மீட்டர் தொலைவில் அதே கண்ணுக்கு அரை மீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால்தான் தெரியும். நம் நாடகக் கம்பெனிகளின் சீன் படுதாக்கள் ஏன் அவ்வளவு கூர்மையாகத் தீட்டப்பட்டும் மக்களை மயக்கின என்பதற்கு இதுவே விளக்கம். கோவில்பட்டியில் நாள்காட்டி ஓவியங்களால் புகழ்பெற்ற கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைகளும் தீட்டியவர். அத்தகைய அரண்மனைத் தூண்களையும் நந்தவனத்தையும் கொட்டகையில் தொலைவில் உட்கார்ந்து பார்த்தவருக்குத் திரையின் தட்டைத்தன்மை பெரிதாக உறுத்தவில்லை. மாதிரி ரயிலைப் பார்ப்பவரோ திரையிலிருந்து ஒரு மீட்டரில் நிற்கிறார். அங்கே கூர்மையாகத் தீட்டிய ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு விளிம்பும் இரு கண்களும் பற்றிக்கொள்ளும் பிடியாகி, இது ஒரு மீட்டர் தொலைவில் நிற்கும் பலகை என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. வெளிர்ந்த நிறமும் மென்மையான விளிம்பும் அந்தப் பிடியைத் தளர்த்துகின்றன. மாறுபாடு குறையக் குறைய இருகண் ஆழ உணர்வின் நுட்பமும் குறையும். ஆகவே மேடை மரபை நமக்கு எதிரான சான்றாகக் காட்டுபவருக்கு விடை எளிது: அந்த மரபு சரிதான், அது நெடுந்தொலைவுக்கு உரியது.

அடுத்து அடிவானம். கடற்கரையில் நிற்கும் ஒருவரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிவானம் சுமார் 4.5 கி.மீ. தொலைவில் இருக்கும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் இந்தக் கி.மீ. கணக்கு வரும். பலரும் பயன்படுத்தும் எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், அந்த 4.5 கி.மீ. 52 மீட்டர் ஆகிறது. எந்த வீட்டு அறையிலும் அது அடங்காது. ஆகவே தொலைவு முழுவதையும் பின்திரைதான் சுமக்க வேண்டும். பார்ப்பவரின் கண் தளத்துக்கு 20 செ.மீ. மேலே இருப்பதாகக் கொள்வோம். அந்த அளவில் அது 17 மீட்டர் உயரம். ஒரு வளர்ந்த பனையின் உச்சியிலிருந்து பார்ப்பதற்குச் சமம். அங்கிருந்து அடிவானம் 15 கி.மீ. தள்ளி இருக்கும், ஆனால் திரையில் அது விழும் இடம் கண்மட்டமே. ஒரு கி.மீ. தொலைவில் உள்ள தரை, ஒரு மீட்டரில் நிற்கும் திரையில் கண்மட்டத்துக்கு 1.7 செ.மீ. மட்டும் கீழே வருகிறது. அதற்கு அப்பால் உள்ள 14 கி.மீ. நிலமும் நீரும் அந்த 1.7 செ.மீ. பட்டைக்குள் அடங்கிவிடுகின்றன. சமவெளிக் காட்சியைத் தீட்டுபவர் எங்கே தவறுகிறார் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது: தொலைவுக்கு அவர் தரும் இடம் மிக அதிகம்.

இதே கணக்கைப் பொருள்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். 15 மீட்டர் உயரச் சவுக்கு மரத்தைத் தளத்தின் மேல் மாதிரியாகச் செய்தால் 17 செ.மீ. உயரம் இருக்கும். அதே மரம் ஒரு கி.மீ. தள்ளி இருப்பதாகத் திரையில் காட்ட வேண்டுமானால் அதன் உயரம் 1.5 செ.மீ.; அரை கி.மீ. என்றால் 3 செ.மீ. திரையில் 10 செ.மீ. மரத்தைத் தீட்டுபவர், தன்னையறியாமல் அதைத் தளத்தின் விளிம்பை ஒட்டியே நட்டுவிடுகிறார். பெரிய முதலியார்சாவடியிலிருந்து மேற்கே பார்க்கும் காட்சியைத் தேர்ந்தெடுத்தால் ஆரோவில் மேட்டுநிலம் வரும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரம், 4 கி.மீ. தொலைவு என்று வைத்துக்கொண்டால், திரையில் அதன் உயரம் ஒரு செ.மீ.யைச் சற்றே தாண்டும். செஞ்சியின் ராஜகிரி தரையிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் எழுவது. விழுப்புரம் மாவட்டத்தின் அடையாளம் என்று அதைச் சேர்க்கத் தோன்றும். ஆனால் அது இங்கிருந்து 50 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. காற்று கண்ணாடிபோல் தெளிந்திருந்தாலும் திரையில் அதற்கு அரை செ.மீ.கூடக் கிடைக்காது, அதிலும் அடிப்பகுதியைப் பூமியின் வளைவு மறைத்துவிடும். ஆக, இந்தக் கரையின் பின்திரையில் கண்மட்டத்தை ஒட்டி வருபவை எல்லாம் சேர்ந்தே இரண்டு மூன்று செ.மீ. பட்டைதான். மீதி முழுவதும் வானம். பரப்பில் பெரும்பகுதி வானமாக இருக்கும்போது, வானத்தின் நிறத்தையும் அது அடிவானத்தில் எப்படிக் கரைகிறது என்பதையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது எப்படிப் பொருந்தும்?

இப்போது அந்தக் காற்றையே பார்ப்போம். தூய காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. தெளிந்த மலைநாட்டில் தொலைவு நீலமாகத் தெரிவது இதனால். அச்சுத் திரைகளின் நீல மலைகள் அந்த ஊருக்கு உண்மையானவை. கடலோரத்தில் நிலைமை வேறு. உடையும் அலைகள் எறியும் திவலைகள் உலர்ந்து உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கின்றன. ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு துகள் காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் துளியாகப் பருக்கும். பிறகு ஈரப்பதம் இறங்கினாலும், 50 விழுக்காட்டுக்குக் கீழே போகும்வரை அது மீண்டும் படிகமாவதில்லை. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க, அல்லது அதைவிடப் பெரிய இந்தத் துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிப்பதால் மூட்டம் வெண்மையாகிறது. பாத்தியில் விளைந்து அம்பாரமாகக் குவியும் அதே உப்புதான், கண்ணுக்குத் தெரியாத அளவில் காற்றிலும் நின்று, இந்தக் கரையின் தொலைவை வெளுக்கச் செய்கிறது. மரக்காணம் காட்சிக்கு ஆழ்நீலத் தொலைவு பொருந்தாததன் காரணம் இங்கே இருக்கிறது. பால் கலந்த சாம்பல் வெண்மையே இதன் இயல்பு.

இந்த மங்கலுக்கு அளவும் உண்டு. 1924-இல் ஜெர்மானிய வானிலை அறிஞர் கோஷ்மீடர் வகுத்த விதிப்படி, ஒரு பொருளுக்கும் அடிவான வானுக்கும் உள்ள மாறுபாடு தொலைவோடு படிக்குறியாகத் தேய்கிறது. மாறுபாடு 2 விழுக்காடாகக் குறையும் தொலைவைப் பார்வைத் தொலைவு என்பார்கள். அது 10 கி.மீ. உள்ள ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். ஒரு கி.மீ. தள்ளியிருக்கும் சவுக்குத் தோப்பு தன் மாறுபாட்டில் மூன்றில் இரண்டு பங்கை வைத்திருக்கும், 3 கி.மீ.யில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 5 கி.மீ.யில் ஏழில் ஒரு பங்கு. தீட்டுபவருக்கு இது ஒரு வேலை முறையையே கையில் தருகிறது. முதலில் அடிவான வானத்தின் நிறத்தை ஒரு பெரிய டப்பாவில் தாராளமாகக் கலந்துகொள்ள வேண்டும். பிறகு தீட்டும் ஒவ்வொரு பச்சையிலும் செம்மண்ணிலும் அதன் தொலைவுக்கு ஏற்ப அந்த நிறத்தைச் சேர்க்க வேண்டும்: ஒரு கி.மீ.க்கு மூன்றில் ஒரு பங்கு, 3 கி.மீ.க்கு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். சாயங்களின் கலப்பு ஒளியின் கலப்பைப் போலத் துல்லியமாக நடக்காது. கடைசித் திருத்தம் கண்ணால்தான். இருந்தாலும் வரிசை மாறக்கூடாது. வானத்தைக் கலக்காமல் மரத்தைத் தீட்டத் தொடங்குபவரிடம் மரத்தைத் தொலைவுக்கு அனுப்பும் நிறமே இருக்காது.

மங்கல் இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. அடிவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருப்பது. பெரியவர் ஒருவருக்குப் பொருந்தத் தீட்டிய கடற்கோடு, பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு 20 செ.மீ.க்கு மேல் உயர்ந்துபோய், கடல் ஒரு சுவராக எழுந்து நிற்பதுபோல் தோன்றும். கோட்டை அழுத்தமாகத் தீட்டியிருந்தால் இதற்குத் தீர்வு கிடையாது. புழுக்கமான காலைப்பொழுதில் இந்தக் கரையில் கடலும் வானும் எங்கே பிரிகின்றன என்றே சொல்ல முடியாதபடி மூட்டம் கவிவதுண்டு. அதையே திரைக்குத் தேர்ந்தெடுத்தால் கோட்டின் இடத்தில் ஒரு மெல்லிய நிறமாற்றம் மட்டும் இருக்கும். யார் எந்த உயரத்திலிருந்து பார்த்தாலும் அவரவர் கண் அடிவானத்தைத் தனக்கேற்ற இடத்தில் வைத்துக்கொள்ளும். உப்பளப் பாத்திகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். நீரைச் செங்குத்தாகப் பார்க்கும்போது அது 2 விழுக்காடு ஒளியையே திருப்புகிறது. பார்வை சாயச் சாய அந்த அளவு ஏறுகிறது. பனையுச்சி உயரக் கண்ணுக்கு, 30 மீட்டர் தள்ளியுள்ள பாத்தி 6 விழுக்காட்டளவே வானைப் பிரதிபலிப்பதால் அடிமண் தெரியும். 200 மீட்டர் தள்ளியுள்ள பாத்தியோ பாதிக்கும் மேற்பட்ட வானொளியைத் திருப்பி அனுப்பும். ஆகவே தளத்தின் மேல் செய்யும் பாத்திகளுக்கு மண்ணின் நிறம்; திரையில் தீட்டும் பாத்திகளுக்கு வானின் நிறம், நடுவே மெல்லிய வரப்புக் கோடுகள். இரண்டுக்கும் ஒரே நீலத்தைப் பூசினால் இணைப்பு அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

ஒளியின் திசையிலும் இந்த இடம் நமக்குக் கைகொடுக்கிறது. லண்டனில் ஜூன் மாத நடுப்பகலில்கூடச் சூரியன் 62 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. பெரிய முதலியார்சாவடி ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. டிசம்பரில்கூட நடுப்பகல் உயரம் 54 பாகைக்குக் கீழே இறங்காது. ஐரோப்பியத் திரைகளில் நீளும் பக்க நிழல்கள், அறையின் மேலிருந்து விழும் எல்.இ.டி. விளக்கோடு முரண்படும். நம் உச்சிவெயில் அந்த விளக்கோடு இணங்கிப்போகும். உப்பு வாரும் வேலை மும்முரமாக நடக்கும் கோடையின் முற்பகலைத் தேர்ந்தெடுத்தால் மங்கல், குட்டை நிழல், வெண்மை மூன்றும் சேர்ந்து வருகின்றன. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் நீரில் மூழ்கி உற்பத்தி நின்றுவிடும்; அந்தக் காட்சியும் அழகுதான், ஆனால் அதில் தளத்தின் மேல் உப்பு அம்பாரம் இருக்கக்கூடாது. காற்றைத் தேர்ந்தெடுப்பது பருவத்தைத் தேர்ந்தெடுப்பது. பருவம் முடிவானால் எந்தப் பொருள் இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்பதும் தானே முடிவாகிறது.

இவ்வளவு எதற்கு, கைப்பேசியில் ஒரு அகலப் படம் எடுத்து அச்சிட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிழற்படம் உண்மையான வானையும் மங்கலையும் பதிவு செய்யும். தூரிகை பழகாதவருக்கு அது நல்ல துணை. ஆனால் எடுப்பவர் இயல்பாகவே தெளிந்த நாளைத்தான் தேடிப் போகிறார். கைப்பேசியும் தன் பங்குக்கு மாறுபாட்டையும் நீலத்தையும் கூட்டிவிடுகிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. சாலையோரத்தில் நின்று எடுத்த படத்தில் அருகிலுள்ள மின்கம்பமும் வேலியும் பெரிதாக விழும். திரையில் அவை, பார்ப்பவர் நகரும்போது நகராமல் நின்று, பொய்யைக் காட்டிக்கொடுக்கும். நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்சிப் பேழைகளுக்குப் பின்னணி தீட்டிய ஜேம்ஸ் பெர்ரி வில்சன் (1889–1976), இடத்துக்கே போய் நிழற்படங்கள் எடுத்தவர். ஆனாலும் படத்தை அப்படியே ஒட்டாமல், கட்டம் போட்டு, வளைந்த சுவருக்கும் பார்ப்பவரின் கண்ணுக்கும் ஏற்றபடி மாற்றித் தீட்டினார். படத்தைப் பயன்படுத்தட்டும், மூட்டமான நாளில், மாடி உயரத்திலிருந்து, நூறு மீட்டருக்குள் எதுவும் இல்லாத திசையில் எடுக்கட்டும், மாறுபாட்டைக் குறைத்து, பளபளப்பில்லாத தாளில் அச்சிடட்டும். அப்போதும் முதலில் நடப்பது காற்றின் தேர்வுதான்.

இன்னொரு மறுப்பு, தட்டை நிலமும் மங்கிய வானும் பார்க்கச் சப்பென்று இருக்கும், ஒரு மலையாவது வேண்டும் என்பது. தொலைவு அமைதியாக இருக்கும்போதுதான் முன்னால் உள்ளவை எடுப்பாகத் தெரிகின்றன. வெளிறிய வானுக்கு எதிரே சிவப்பும் நீலமுமான ரயில் பெட்டி, கருத்த பனை, ஓலை வேய்ந்த அம்பாரம், பக்கிங்காம் கால்வாயின் கரை எல்லாமே தெளிவான உருவம் பெறுகின்றன. அடர்ந்த மலைத் திரைக்கு முன்னால் அதே பெட்டி பாதி மறைந்துபோகும். அதோடு, தளமும் திரையும் சந்திக்கும் கோட்டை மறைக்க மலை தேவையில்லை. உப்பளத்தின் உயர்ந்த வரப்பு, தாழம்புதர், சவுக்கு வரிசை ஆகியவை இந்தக் கரையிலேயே இருக்கின்றன. மங்கல் என்பது திறமையின்மையை மூடும் போர்வை என்ற ஐயத்துக்கும் இங்கேயே விடை உண்டு. தூரிகைத் தடம் தெரியாமல் இரண்டடி உயரத்துக்கு வானத்தைப் படிப்படியாக வெளிறச் செய்வது, பத்து மரங்களை நுணுக்கமாக வரைவதைவிடக் கடினமான வேலை.

இந்த வாதம் மலைக்கு எதிரானதும் இல்லை. 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட நீலகிரி மலை ரயிலை ஒருவர் கட்டினால், சரிவு பாதையை ஒட்டியே எழுகிறது. தொலைவு சில நூறு மீட்டர்கள், காற்று தெளிவு. அதே கணக்கு அங்கே உயர்ந்த, இருண்ட, நீலம் கலந்த திரையைப் பரிந்துரைக்கும். பாம்பன் பாலத்துக்கு ஏறக்குறைய வெறும் வானமும் கடலும் மட்டும் போதும் என்று சொல்லும். விதி ஒன்றுதான், இடம் மாறினால் விடை மாறுகிறது. அச்சுத் திரைகளின் குறை அவை அயல்நாட்டுப் படங்கள் என்பதில் இல்லை. வேறோர் இடத்தின் காற்றுக்கும் வேறொரு சூரியனுக்கும் கிடைத்த விடையை நம் கேள்விக்கு ஒட்டுவதில்தான் குறை. ஆகவே மரக்காணம் கரையைக் கட்டுபவர் இந்த வரிசையில் முடிவெடுக்கட்டும்: பார்ப்பவரின் கண் உயரம், பருவமும் பொழுதும், அவை தரும் அடிவான நிறம், விளக்கின் இடம், இவை நான்கும் முடிவான பிறகு, எந்த மரம், எந்தப் படகு, எந்த மேடு என்பது. முதல் நான்கும் சரியாக அமைந்தால், பிறகு சேர்ப்பவற்றில் சில குறைந்தாலும் கூடினாலும் பார்ப்பவர் இடத்தை அடையாளம் கண்டுகொள்வார். முதல் நான்கும் தவறினால், எத்தனை பனைகளை எவ்வளவு அழகாகத் தீட்டினாலும் அந்தக் காட்சி இந்தக் கரையாகாது.